இல்லமும் நலமும்: அஞ்சும் நெஞ்சுக்கு அறிந்த சொல்லே துணை



நோய் ஒருவரைப் படுக்கையில் கிடத்துமுன் அச்சம் அவரைக் கிடத்திவிடுகிறது. மருத்துவர் ஒரு சீட்டில் நான்கு எழுத்துகளை எழுதி, "இந்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். அந்தச் சீட்டு வீட்டுக்கு வந்த நாழிகையிலிருந்து உண்ணும் சோறு தொண்டையில் இறங்குவதில்லை; இரவில் உறக்கம் வருவதில்லை. எண்டாஸ்கோபி, ஆஞ்சியோகிராம், எம்.ஆர்.ஐ., பயாப்ஸி என்றெல்லாம் வரும் பெயர்கள் நம் வீட்டு முதியோருக்குப் பொருள் விளங்காதவை. பொருள் விளங்காத இடத்தில் மனம் தானே ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

இவ்வச்சத்தை மருந்தின்றித் தணிக்க வழி உண்டா என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள். உண்டு, அதன் பெரும்பகுதி வீட்டாரின் கையிலேயே இருக்கிறது, அதற்குக் காசு செலவில்லை என்பது நம் விடை. செய்யப்போவது இன்னதென்று நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில், முன்கூட்டியே, உண்மையாகச் சொல்லிவிடுவதே அவ்வழியின் முதற்படி. மற்றவையெல்லாம் அதன்மேல் கட்டப்படுவன.

அச்சம் கோழைத்தனம் அன்று

அஞ்சுகிறவரைப் பார்த்து, "இந்த வயதில் இப்படியா!" என்று நகைப்பது நம் வீடுகளில் காணப்படும் ஒரு பழக்கம். அது முறையன்று. அச்சம் உடலின் இயல்பு. ஆபத்து வருகிறது என்று மனம் எண்ணிய கணமே அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, கைகால்கள் சில்லிடுகின்றன. தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் செவிலியருக்கு நரம்பு அகப்படுவதும் அரிதாகிறது. ஒரு குத்தில் முடிய வேண்டியது மூன்று குத்தாகிறது. இறுகிய உடம்பு சிறு வலியையும் பெருவலியாக உணர்கிறது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அஞ்சியவர் பரிசோதனையின் பாதியில் எழுந்து வந்துவிடுவார். அல்லது, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவார். நோய் அடுத்த மாதம் வரை காத்திருப்பதில்லை. காலத்தில் கண்டால் எளிதில் தீரக்கூடிய கட்டியும் அடைப்பும், அச்சம் என்னும் ஒரே காரணத்தால் நாள் கடந்து கண்டறியப்படுவதுண்டு. ஆகவே அச்சம் தணித்தலை உபசாரம் என்று எண்ணற்க. அது மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.

பாஸ்டன் நகரத்துப் பாடம்

மயக்க மருந்து தோன்றுவதற்கு முன் அறுவைச் சிகிச்சை என்பது கொடிய துன்பமாகவே இருந்தது. 1845ஆம் ஆண்டில் வங்காளத்து ஹூக்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் மருத்துவர், மெஸ்மரிசம் எனப்பட்ட வசிய முறையால் நோயாளிகளை உறக்கம் போன்ற நிலையில் ஆழ்த்தி அறுவைச் சிகிச்சைகள் செய்தார். மறு ஆண்டே, 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்து பலர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டப்பட்டது. அதன்பின் மருந்தே வென்றது. அது மனித குலத்துக்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. எனினும், மருந்து வந்த பிறகு மருத்துவரின் சொல்லுக்கும் ஓர் ஆற்றல் உண்டு என்பது மெல்ல மறக்கப்பட்டது.

அதனை நினைவூட்டியவர்களும் அதே பாஸ்டன் நகரத்து மருத்துவர்களே. லாரன்ஸ் எக்பர்ட் என்னும் மயக்கவியல் மருத்துவரும் அவர்தம் துணைவர்களும் 1964ஆம் ஆண்டு ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளவிருந்த 97 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. மற்றப் பிரிவினரிடம் மருத்துவர் முன்னதாகவே சென்று அமர்ந்து, விழித்தபின் எந்த இடத்தில் வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், அது இயல்பானதே என்பதை எடுத்துரைத்தார். வயிற்றுத் தசையைத் தளர்த்துவது எப்படி, ஆழ்ந்து மூச்சு விடுவது எப்படி, படுக்கையில் புரள்வது எப்படி என்பவற்றையும் கற்பித்தார். புதிதாக மருந்து ஒன்றும் அளிக்கவில்லை.

விளைவு என்ன? எடுத்துரைக்கப்பட்டவர்களுக்கு வலிநீக்கும் மருந்து ஏறத்தாழப் பாதியளவே தேவைப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பத் தகுதி பெற்றனர். "வலிக்கும்" என்று முன்கூட்டியே உண்மை சொல்லப்பட்டவர்களுக்கே வலியின் துன்பம் குறைந்தது என்பதை அன்பர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

"ஒன்றுமில்லை" என்னும் பொய்

நம் இல்லங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. "ஒன்றுமில்லை அம்மா, சும்மா ஒரு படம் எடுப்பார்கள்" என்று சொல்லி முதியவரை அழைத்துச் செல்கிறோம். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் கதவு திறந்து உள்ளே சென்றதும் ஒன்றுமில்லாதது ஒன்றாகிவிடுகிறது. அப்பொழுது அவருக்கு அச்சத்தோடு, "என் மகனே என்னிடம் மறைத்துவிட்டான், இன்னும் எதை மறைக்கிறானோ!" என்ற ஐயமும் சேர்ந்துகொள்கிறது.

என்ன சொல்ல வேண்டும்? ஐந்து செய்திகள் போதும். என்ன செய்யப்போகிறார்கள்? எவ்வளவு நேரம்? உடம்புக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேட்கும்? நாம் செய்ய வேண்டுவது என்ன? தாங்கமுடியாவிட்டால் எப்படித் தெரிவிப்பது? இந்த ஐந்தையும் முதலில் வீட்டார் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டறிந்துகொள்ள வேண்டும். பின்னர் நோயாளிக்கு வீட்டிலேயே, அமைதியான வேளையில், சொல்ல வேண்டும். சில எடுத்துக்காட்டுகள் தருகிறோம்.

வாய்வழி எண்டாஸ்கோபி: பெரும்பாலும் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். தொண்டை தடித்தது போலவும், விழுங்க முடியாதது போலவும் தோன்றும். அது மருந்தின் வேலை. இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். பற்களுக்கிடையே ஒரு வளையம் வைப்பார்கள். குழாய் உணவு செல்லும் வழியில் போகிறதேயன்றி மூச்சுக் குழலில் போவதில்லை. ஆகவே மூச்சு அடைபடாது. மெல்ல மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். குமட்டல் வரும், ஏப்பம் வரும். அதற்கு நாண வேண்டுவதில்லை. பார்ப்பது மட்டுமாயின் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்: சாயம் நரம்பில் ஏறும்போது உடம்பு முழுவதும் ஒரு சூடு பரவும். சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். உண்மையில் கழிந்திராது, சில விநாடிகளில் அவ்வுணர்வு நீங்கிவிடும். இதனை முன்னே அறியாத தாய்மார்கள் நாணத்தாலும் கலக்கத்தாலும் படும் துன்பம் சொல்லி முடியாது. ஒரு வாக்கியம் முன்கூட்டிச் சொன்னால் அத்துன்பம் இல்லை.

கண்புரை அறுவை: பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். முகத்தைத் துணியால் மூடுவார்கள். மூச்சுமுட்டுமோ என்று தோன்றும். துணிக்கு அடியில் காற்று வரும். ஒளியும் நிறங்களும் அசைவும் தெரியலாம். தலையை அசைக்கலாகாது, இருமல் வந்தால் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், இவற்றையெல்லாம் நோயாளிக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நெரிசல் மிக்க பெருநகர மருத்துவமனைகள் பலவற்றில் அதற்கு நேரம் வாய்ப்பதில்லை. அவ்விடங்களில் அப்பணியை வீட்டாரே ஏற்க வேண்டும்.

ஓர் ஆச்சியின் அனுபவம்

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் தாயார் நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தார். இடுப்பு வலியும் காலில் மரப்பும் கண்டன. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். "ஒன்றுமில்லை" என்று சொல்லியே மகன் அழைத்துச் சென்றார். அங்கே முன்பின் அறியாத பெண்ணொருத்தி, அறியாத மொழியில், கழுத்துச் சரட்டைக் கழற்றுமாறு கைகாட்டினாள். ஊரில் கணவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டுகளாகக் கழற்றாத தாலி. ஆச்சி அழுதுகொண்டே கழற்றினார். பின்னர்க் குழாய்க்குள் செலுத்தினார்கள். சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை எழுந்தது. அவர் அசைய, வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் ஏதோ அதட்டல் கேட்டது. அவ்வளவுதான், "என்னை வெளியே விடுங்கள்!" என்று அலறி எழுந்துவிட்டார். அதன்பின் இரண்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கால் மரப்போ ஏறிக்கொண்டே வந்தது.

பொறுப்பை மருமகள் ஏற்றார். முதலில் எம்.ஆர்.ஐ. நிலையத்துக்குத் தாம் மட்டும் சென்று எல்லாவற்றையும் கேட்டறிந்து வந்தார். "அத்தை, அது பெரிய காந்தம். அதனால்தான் உலோகம் எதுவும் உள்ளே கூடாது என்கிறார்கள். தாலிக்குக் குறை ஒன்றுமில்லை. மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டால் போகலாம்; கேட்டுவிட்டேன்" என்றார். முந்தின நாளே, நல்ல வேளை பார்த்து, மாமியார் தம் கையாலேயே சரட்டை மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகளாகத் திருகு இறுகியிருந்த மூக்குத்தியையும் மெட்டியையும் நகைக் கடைக்காரரிடம் காட்டித் தளர்த்தி வாங்கினார்கள். குழாயின் இரு முனையும் திறந்தே இருக்கும், உள்ளே விளக்கும் காற்றும் உண்டு, கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், அதை அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள் என்பதையெல்லாம் மருமகள் எடுத்துச் சொன்னார். எவர்சில்வர் அண்டாவைக் கரண்டியால் தட்டி, "இப்படித்தான் சத்தம் வரும், நின்று நின்று வரும்" என்று காட்டவும் செய்தார். கட்டிலில் அசையாமல் கண்மூடிப் படுத்து இருவரும் பழகினார்கள்.

இரண்டாம் முறை ஆச்சி அரைமணி நேரம் அசையாது கிடந்தார். எப்படி முடிந்தது என்று கேட்டபோது, "கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தெருவிலே வீடு வீடாகப் போய் வந்தேன். கோயில் வாசலுக்கு வரும்போது முடிந்துவிட்டது என்றார்கள்" என்று சொன்னார். முதுகெலும்பின் வட்டு ஒன்று நரம்பை அழுத்துவது தெரியவந்தது. தக்க சிகிச்சையும் தொடங்கியது. முதல் முறையும் இரண்டாம் முறையும் இயந்திரம் ஒன்றே, ஆச்சியும் ஒருவரே. இடையில் நடந்தது மருமகளின் பேச்சு ஒன்றுதான்.

மொழி தெரியாமையால் வரும் அச்சம்

தாயகத்தை விட்டு வந்து வாழும் நமக்கே உரிய இடர் ஒன்று இதில் உண்டு. மதுரையிலும் கோவையிலும் நோயாளிக்கு ஓர் அச்சம் என்றால், மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இரண்டு. மூச்சை அடக்கு என்று சொல்கிறார்களா, விடு என்று சொல்கிறார்களா என்பது விளங்காமல் படுத்திருப்பது பெருந்துன்பம்.

இதற்கு இந்தி முழுவதும் கற்க வேண்டுவதில்லை. ஏழெட்டுச் சொற்கள் போதும். 'ஸாஸ் லீஜியே' என்றால் மூச்சை உள்ளே இழுங்கள். 'ரோக்கியே' என்றால் அடக்குங்கள். 'சோடியே' என்றால் விடுங்கள். 'ஹிலியே மத்' என்றால் அசையாதீர்கள். 'பஸ், ஹோ கயா' என்றால் முடிந்துவிட்டது. நாம் சொல்லவேண்டியவை இரண்டு: 'தர்த் ஹோ ரஹா ஹை' என்றால் வலிக்கிறது, 'ருகியே' என்றால் சற்று நிறுத்துங்கள். மராத்தியில் 'ஷ்வாஸ் க்யா' என்றால் மூச்சை இழுங்கள். 'ஷ்வாஸ் சோடா' என்றால் மூச்சை விடுங்கள். 'ஹலூ நகா' என்றால் அசையாதீர்கள். 'தாம்பா' என்றால் நில்லுங்கள். வங்காளத்திலும் குஜராத்திலும் வாழும் அன்பர்கள் அண்டை வீட்டாரைக் கேட்டு இதே சொற்களை எழுதிவைத்துக்கொள்ளலாம். இவற்றைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, முதியவரோடு ஒருநாள் விளையாட்டுப் போலச் சொல்லிப் பழக வேண்டும்.

மொழிபெயர்ப்பு வேலையைப் பள்ளிச் சிறுவரிடம் ஒப்படைப்பதையும் நாம் பார்க்கிறோம். "குழந்தைக்கு இந்தி நன்றாக வரும்" என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. பாட்டியின் நோயைப் பற்றி மருத்துவர் சொல்வதைப் பத்து வயதுப் பேரன் தாங்கிச் சொல்ல வேண்டும் என்பது அறமாகாது. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இரு மொழியும் அறிந்து ஓய்வு பெற்ற அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இப்பணிக்கு ஒதுக்க அவர்கள் முன்வந்தால், மொழி அறியாத குடும்பம் ஒன்றுக்கு அதைவிடப் பெரிய உதவி இராது.

சொல்லும் சுடும்

முன்கூட்டி உண்மை சொல்க என்றோம். அதனால், ஊசி குத்தும் கணத்தில், "இதோ குத்தப்போகிறார்கள், வலிக்கும், வலிக்கும்!" என்று ஓதிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. எல்விரா லாங் என்னும் கதிரியக்க மருத்துவரும் குழுவினரும் சிகிச்சை அறைகளில் நடந்த உரையாடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வலியையும் எரிச்சலையும் பெயர் சொல்லி எச்சரித்தபோதும், "வலித்துவிட்டதா, பாவம்!" என்று இரங்கியபோதும், நோயாளியின் துன்பம் குறையவில்லை, வலியோ கலக்கமோ கூடவே செய்தது. அதே மருத்துவர் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இரத்தக் குழாய், சிறுநீரகம் ஆகியவற்றில் சிகிச்சை பெற்ற 241 பேர் இருந்தனர். அவர்களுள் மனத்தைத் தளர்த்தி இனிய காட்சியொன்றை எண்ணுமாறு வழிகாட்டப்பட்டவர்களுக்கு நேரம் செல்லச் செல்ல வலி ஏறவில்லை, மற்றவர்களுக்கு ஏறியது. சிகிச்சைக்கு ஆன நேரமும் வழக்கமான பிரிவில் சராசரியாக 78 நிமிடம் என்றால் இவர்களுக்கு 61 நிமிடமே. நெல்லை ஆச்சி தம் தெருவில் நடந்து சென்றது இம்முறையே அன்றோ!

ஆகவே உண்மையை முன்னாளில் சொல்க; அந்தக் கணத்தில் மனத்தை வேறிடத்துக்கு அழைத்துச் செல்க. "பயப்படாதே" என்பதினும் "மெதுவாக மூச்சை விடு, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பது நன்று.

மூச்சு, கை, இசை

மூச்சு: நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுக. விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும். அதில் நெஞ்சின் படபடப்பு தணிகிறது. இதனைப் பரிசோதனை நாளன்று கற்பித்துப் பயனில்லை. ஒரு வாரம் முன்னதாகவே நாள்தோறும் ஐந்து நிமிடம் பழக வேண்டும்.

கை: 2006ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கோன் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், மணமான 16 பெண்மணிகளிடம் காலில் சிறு மின்னதிர்ச்சி வரலாம் என்று சொல்லி, அவ்வேளையில் அவர்கள் மூளையின் செயலைப் படம்பிடித்தனர். தனித்திருந்தபோதைவிட, கணவர் கையைப் பற்றியிருந்தபோது ஆபத்தைக் கண்டு மூளை கொள்ளும் பரபரப்புக் குறைந்தது. இல்லறத்தில் இணக்கம் மிக்கவர்களுக்கு அது மேலும் குறைந்தது. எனவே உள்ளே ஒருவரை அனுமதிப்பார்களா என்று கேட்கத் தயங்க வேண்டா. ஆனால் நம் வழக்கப்படி வண்டி நிறைய உறவினர் செல்வது கூடாது. ஒருவர் போதும், அவரும் அமைதியானவராக இருக்க வேண்டும். அழுகின்ற அன்பைவிட அமைதியான அன்பே அங்கே வேண்டப்படுவது.

இசை: அறுவைக்கு முன் காத்திருக்கும்போது இசை கேட்பதால் கலக்கம் குறைகிறதா என்பதைப் பற்றி நடந்த 26 ஆய்வுகளை, அவற்றில் பங்குகொண்ட 2051 பேரின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பொன்று 2013ஆம் ஆண்டில் சீர்தூக்கியது, குறைகிறது என்பதே முடிவு. எவ்விசை என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவருக்கு நாகசுரம், ஒருவருக்குப் பழைய திரைப்பாட்டு. காத்திருக்கும் கூடத்தில் கைப்பேசியும் காதுக்கருவியும் போதும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கைப்பேசி கூடாது. அங்கேயே பாட்டு ஒலிபரப்பும் வசதி இருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டறிக.

குழந்தைகளும் ஊசியும்

"சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று குழந்தையை மிரட்டாத வீடு நம்மவரிடையே அரிது. ஒரு கவளம் சோற்றுக்காக விதைக்கும் அந்த அச்சம் அறுபது வயதிலும் முளைக்கிறது. தாய்மார்கள் இதனை இன்றே விட்டொழிக்க வேண்டும். "ஊசியே இல்லை" என்று பொய் சொல்லி அழைத்துச் செல்வதும் கூடாது.

தடுப்பூசி போடும்போது வலியைக் குறைக்கும் வழிகளை உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெற்றோர் உடனிருக்க வேண்டும். குழந்தையைப் படுக்கையில் அழுத்திப் பிடிக்காமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாயின் ஊசி போடும்போதோ அதற்குச் சற்று முன்போ பால் கொடுக்க வேண்டும். பல ஊசிகள் இருப்பின் மிக வலிக்கும் ஊசியைக் கடைசியில் போட வேண்டும். நம் பாட்டிமார் அழும் குழந்தையை மார்போடு அணைத்தது வெறும் பாசம் மட்டுமன்று. அது மருத்துவமும் ஆகும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இரத்தத்தையோ ஊசியையோ கண்டவுடன் மயங்கி விழுவோர் சிலர் உளர். இவர்களுக்கு முதலில் ஏறிய இரத்த அழுத்தம் பின்னர்த் திடீரென இறங்கிவிடுகிறது. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி இவர்களுக்குப் பொருந்தாது. இறுக்கும் பயிற்சியே வேண்டும். கை, கால், வயிறு ஆகியவற்றின் தசைகளை முகம் சூடேறும்வரை பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, அரை நிமிடம் இயல்பாக விட்டு, ஐந்து முறை செய்ய வேண்டும். ஊசி செல்லும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்க. படுத்தபடியே ஊசி போடச் சொல்லிக் கேட்பதும் நன்று. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்டே இதனைச் செய்ய வேண்டும்.

மற்றொன்று: இவை மருந்துக்குப் பகையல்ல. இவ்வளவும் செய்தும் தாங்க இயலாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அமைதியளிக்கும் மருந்தோ முழு மயக்கமோ தேவைப்படலாம். அதைக் கேட்பது இழிவன்று. முன்னதாகவே கேட்டுவிட்டால் மருத்துவர் ஏற்பாடு செய்வார். நடுவில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால், அச்சம்தான் என்று அடக்கிக்கொள்ளாமல் அக்கணமே தெரிவிக்க வேண்டும். உடம்பில் பேஸ்மேக்கர் முதலிய கருவிகளோ உலோகத் தகடோ இருப்பின் எம்.ஆர்.ஐ. நிலையத்தாரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

அன்பர்களே! நம் பெற்றோர் நம்மை நம்பி ஊரையும் உறவையும் விட்டு இந்நகரங்களுக்கு வருகிறார்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வாடகை வண்டியும், பரிசோதனைக்குப் பணமும் நாம் தேடிவிடுகிறோம். அவற்றோடு, முந்தின நாள் மாலை அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, நாளை நடப்பது இன்னதென்று நம் தமிழில் சொல்வதற்கு அரைமணி நேரத்தையும் தேடுவோமாக. அது எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.